கர்ப்பகாலச் சிக்கல்கள் பற்றிய ஆராய்ச்சிக்கு நன்கொடை: பினாங்கில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் நாங்கள் ஆறு பெண்கள். பிரசவ வார்டில் எதையாவது பறிகொடுத்தவர்கள், அல்லது மயிரிழையில் தப்பியவர்கள். எனக்கு 2016-ல் முப்பதாவது வாரத்தில் பிரஷர் ஏறி, அவசரமாக வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். எடை 1.2 கிலோ. இன்று தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான், வாய் ஓயாமல் பேசுகிறான். அந்த வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவருக்கு அப்படி அமையவில்லை. அவரும் எங்கள் ஆறு பேரில் ஒருவர்.

நாங்கள் சங்கம் இல்லை. எங்கள் கையில் பணம் தங்குவதும் இல்லை. கர்ப்பகாலச் சிக்கல்களை ஆராயும் ஒரு பல்கலைக்கழகத்தின் நன்கொடைக் கணக்கில் அவரவர் நேரே போடுகிறோம். யார் எதற்காகக் கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். லிட்டில் இந்தியா பூக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், வாட்ஸ்அப்பில் என்று பல இடங்களில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கர்ப்பகாலச் சிக்கல் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், வயிற்றுக்குள்ளேயே பிள்ளை இறந்துபோவது, பிள்ளைக்கு வளர்த்தி இல்லாமல் போவது, கர்ப்பத்தில் வரும் இனிப்புநீர் (சர்க்கரை நோய்), பிரசவத்துக்குப் பின் நிற்காத உதிரப்போக்கு. இவற்றோடு எனக்கு வந்தது: இருபதாவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதம் போவது. புத்தகத்தில் முன்சூல்வலிப்பு என்று எழுதுவார்கள். நம் வீடுகளில் ‘பிரஷர் வந்துடுச்சு’ என்பதோடு முடிந்துவிடும். ஆனால் சாதாரண பிரஷர் வேறு, இது வேறு. இது நஞ்சில், அதாவது நஞ்சுக்கொடியில் தொடங்கி, தாயின் சிறுநீரகம், ஈரல், மூளை என்று எல்லாவற்றையும் தொடும் நோய். இன்றுவரை இதற்கு ஒரே தீர்வு பிள்ளையையும் நஞ்சையும் வெளியே எடுப்பதுதான். வாரம் போதவில்லை என்றாலும் எடுத்தாக வேண்டும்.

உலகத்தில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறந்தன. ஆண்டுக்கு ஏறக்குறைய 19 லட்சம் பிள்ளைகள் உயிரில்லாமல் பிறக்கின்றன.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பதற்குப் பதில் ஓர் ஏழைப் பெண்ணின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுக்கலாமே?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். நியாயமான கேள்வி. என் மாமியாரே கேட்டார்.

மலேசியாவில் குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணம் மிகக் குறைவு. கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்தில், வெள்ளி (ரிங்கிட்) ஒன்று, நிபுணரைப் பார்க்க வெள்ளி ஐந்து என்பதெல்லாம் நமக்குப் பழகிப்போன தொகை. எனக்கு அந்த இரவில் பணம் ஒரு குறையாக இல்லை. படுக்கை இருந்தது, மருந்து இருந்தது, மிஸ்ஸிமார்கள், அதாவது தாதிகள், ஓடி ஓடிப் பார்த்தார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று: எனக்கு இது வரும் என்று பன்னிரண்டாவது வாரத்திலேயே யாருக்கும் தெரியவில்லை, வந்த பிறகு நிறுத்துகிற மருந்தும் இல்லை. அந்த இல்லாமையை ஆஸ்பத்திரி பில் கட்டி நிரப்ப முடியாது.

ஆனாலும் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர் பெண்களும் ஆவணம் இல்லாத பெண்களும் இதே ஆஸ்பத்திரிகளில் பல மடங்கு கட்டணம் கட்டுகிறார்கள். பயந்து வராமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு பெண் உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஆராய்ச்சிக்குக் கொடுக்க நினைத்த காசைத் தயங்காமல் அவளுக்குக் கொடுங்கள். நாங்கள் வருத்தப்பட மாட்டோம்.

மருந்துக் கம்பெனிகளிடம் கோடி கோடியாகப் பணம் இருக்கிறதே. அவர்கள் ஏன் செய்வதில்லை?

இந்தக் கேள்விக்குள்ளேதான் மொத்த விஷயமும் இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்குப் பயன்பட்ட மருந்துகளை எண்ணிப் பாருங்கள். இந்தப் பிரஷர் முற்றி வலிப்பு வராமல் தடுப்பது மக்னீசியம் சல்பேட். நம் தாத்தா பாட்டி காலத்தில் குடலைக் கழுவக் குடித்த அதே பேதி உப்புதான், ஊசி மருந்தாக. 2002-ல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், அது வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் கீழே குறைப்பது உறுதியானது. பிரஷர் வராமல் தடுக்க உதவுவது ஆஸ்பிரின். உதிரப்போக்கைக் குறைப்பது 1960-களில் கண்டுபிடித்த டிரானெக்சாமிக் அமிலம். எல்லாமே பழையவை, மலிவானவை, காப்புரிமைக் காலம் தாண்டியவை. சில காசுக்கு விற்கும் மாத்திரையை வைத்துப் பல லட்சம் வெள்ளிச் செலவில் ஆய்வு நடத்தினால் எந்தக் கம்பெனிக்கு லாபம் வரும்?

பயமும் ஒரு காரணம். தாலிடோமைட் என்ற மருந்து 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மசக்கை வாந்திக்கு நல்லது என்று கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார்கள். 1961-ல் திரும்பப் பெறுவதற்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கை கால் வளராமல் பிறந்துவிட்டன. அதன் பிறகு புது மருந்து ஆய்வு என்றாலே கர்ப்பிணிகளைச் சேர்க்காமல் விலக்கிவைப்பது வழக்கமாகிவிட்டது. ஆய்வில் சேர்க்காவிட்டால் கர்ப்பிணிக்கு நோய் வராதா என்ன? வருகிறது. அப்போது எந்த மருந்து, எவ்வளவு என்று தெரியாமல் மருத்துவர் தன் அனுபவத்தை நம்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. விலக்கிவைத்தது பாதுகாப்பு என்று நினைத்தோம், அது ஆபத்தை ஆய்வுக்கூடத்திலிருந்து வார்டுக்கு மாற்றியதுதான் மிச்சம்.

லாபமும் இல்லை, பயமும் உண்டு என்கிற இந்த இடத்துக்குத்தான் அரசாங்கப் பணமும் தர்மப் பணமும் வர வேண்டும்.

அரசாங்கம் கொடுப்பதில்லையா?

கொடுக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சி மானியம் உண்டு. சுகாதார அமைச்சு 1991 முதல் நாட்டில் நடக்கும் தாய்மார் மரணங்களை இரகசியமாக, யாரையும் குற்றம் சாட்டாமல் ஆராய்ந்து வருகிறது. பெரிய செலவில்லாத, ஆனால் பல உயிர்களைக் காத்த ஆராய்ச்சி என்று அதை நான் மதிக்கிறேன். நம் கர்ப்பகாலப் புத்தகத்தில் ஒட்டுகிறார்களே, வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று, அந்த நிறங்களும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று பார்த்துப் பிரித்ததுதான். ஆனால் மானியம் பெரிய திட்டங்களுக்குப் போகும். ‘இது சரியாக வருமா என்று முதலில் சின்னதாகச் செய்து பார்க்கலாம்’ என்ற நிலையில் இருக்கும் ஓர் இளம் ஆராய்ச்சியாளருக்கு அது எட்டாது. சின்ன நன்கொடைகள் கைகொடுப்பது அங்கேதான்.

தர்மப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியால் உண்மையில் ஏதாவது கிடைத்திருக்கிறதா?

நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது தினமும் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை போட்டீர்களே, ஃபோலிக் அமிலம், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடும் ரத்தசோகை வந்து இறந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பிற்பாடு இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் லேடி டாட்டா நினைவு அறக்கட்டளையும் ஒன்று. மனைவியை இழந்த ஒரு கணவர் அவர் பெயரில் வைத்த நிதி. லூசி வில்ஸ் 1929-ல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மகப்பேறு மருத்துவமனை என்று இருப்பது அதுதான். நம் முப்பாட்டிமார்கள் தோட்டங்களுக்குக் கப்பலேறிய அதே சென்னை. பணக்காரப் பெண்களுக்கு இந்த ரத்தசோகை வருவதில்லை, அரைவயிறு சாப்பிடும் பெண்களுக்கு வருகிறது என்பதை அவர் கவனித்தார். குரங்குகளுக்கு அந்த ஏழைப் பெண்களின் சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார், ரத்தசோகை வந்தது. ஒரு பாட்டில் சமாச்சாரம் கொடுத்ததும் தேறின. அது மார்மைட்.

ஆமாம், காய்ச்சல் வந்தால் நாம் கஞ்சியில் கலக்கிக் கொடுக்கிறோமே, அதே கறுப்பு மார்மைட். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே அப்போது தெரியாது, ‘வில்ஸ் பொருள்’ என்றுதான் மற்றவர்கள் அழைத்தார்கள். 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில், முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளை ஒன்று ஏற்கனவே இருந்த தாய்மார்களுக்கு அடுத்த பிள்ளைக்கும் அப்படி ஆகும் ஆபத்து 72 சதவீதம் குறைந்தது. ஒரு குடும்பத்தின் துக்கம் கொடுத்த பணம், சென்னையில் ஒரு பெண் மருத்துவர், நம் கையில் மாத்திரை.

இன்னொன்று அமெரிக்கக் கதை. போலியோவால் கால்கள் செயலிழந்த அதிபர் ரூஸ்வெல்ட் 1938-ல் ஒரு நிதி தொடங்கினார். ஆளுக்குப் பத்துக் காசு அனுப்புங்கள் என்று வானொலியில் கேட்டார்கள். வெள்ளை மாளிகைக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. அந்தப் பத்துக் காசுகளால் 1955-ல் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி வந்தது. வேலை முடிந்தது என்று கடையைச் சாத்தவில்லை. ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ என்ற அதே அமைப்பு பிறவிக் குறைபாடுகள் பக்கமும், பிறகு குறைமாதப் பிரசவம் பக்கமும் திரும்பி இன்றுவரை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து வருகிறது.

ஆஸ்பிரின் விஷயம் என் வாழ்க்கையோடு ஒட்டியது. பிரஷர் வரும் ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களில் பாதிப் பேருக்கு, பதினொன்றிலிருந்து பதினான்காவது வாரத்துக்குள் தொடங்கி தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். ஆஸ்பிரின் போடாதவர்களில் 4.3 சதவீதம் பேருக்கு மாதம் நிறையும் முன்பே நோய் வந்தது, போட்டவர்களில் 1.6 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு சேர்ந்து இதற்குப் பணம் கொடுத்தது லண்டனில் உள்ள ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை. முடிவு வெளியானது 2017. என் மகன் பிறந்தது 2016. 2019-ல் மகள் வயிற்றில் இருந்தபோது இரவில் மாத்திரையை வாயில் போடும்போதெல்லாம் அந்த ஒரு வருஷ இடைவெளியை நினைத்துக்கொள்வேன். மகள் 38 வாரம் இருந்து பிறந்தாள்.

உதிரப்போக்குக்கான டிரானெக்சாமிக் அமிலத்தைக் கண்டுபிடித்தது உதாகோ ஒகமோத்தோ என்ற ஜப்பானியப் பெண்மணியும் அவர் கணவரும். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் நின்றவர் அவர். பிரசவித்த பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள் என்று அந்தக் காலத்தில் அவர் சொன்னதைக் கேட்க ஆளில்லை. வெல்கம் டிரஸ்ட், கேட்ஸ் அறக்கட்டளை போன்றவர்களும் பணம் கொடுத்து, 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் ஆய்வு நடந்தது. 3 மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்தால் உதிரம் போய் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒன்று குறைகிறது என்று 2017-ல் தெரிந்தது. அந்த அம்மா அதற்கு முந்தின வருஷமே, 98 வயதில், காலமாகிவிட்டார்.

நம்மவர்கள் யாராவது இந்த ஆராய்ச்சியில் இருக்கிறார்களா?

ஆனந்த் கருமாஞ்சி என்ற பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்டனில் இருந்தபோது, நோயுற்ற நஞ்சு ஒரு புரதத்தை அளவுக்கு மீறித் தாயின் ரத்தத்தில் கலக்கிறது, அதுதான் ரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது என்று 2003-ல் அவர் குழு காட்டியது. பிற்பாடு ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவக் கழகம் என்ற அறநிதி அமைப்பு அவரைத் தன் ஆய்வாளராக ஏற்றுக்கொண்டது. அந்தப் புரதத்தை அளந்து நோய் முற்றுமா என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2023-ல் அனுமதி கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் அனுமதிக்கும் நடுவில் இருபது வருஷம்.

இருபது வருஷமா? அவ்வளவு மெதுவாக நடக்கிற காரியத்துக்கு நான் ஏன் இப்போது கொடுக்க வேண்டும்?

மெதுவாகத்தான் நடக்கும். மறைக்க விரும்பவில்லை.

என் மகன் பிறப்பதற்கு முந்தின நாள், என் தொடையில் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போட்டார்கள். ‘பிள்ளையோட நுரையீரலுக்கும்மா’ என்றார் மிஸ்ஸி. அந்த ஊசியின் கதை நியூசிலாந்தில் ஆட்டுக்குட்டிகளிடம் தொடங்கியது. லிக்கின்ஸ் என்ற மருத்துவர், தாயாடுகளின் வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிழைக்கவே முடியாத வாரத்தில் பிறந்த ஒரு குட்டி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்ததைக் கண்டார். 1972-ல் அவரும் ஹோவி என்பவரும் தாய்மார்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் இதை எல்லா ஆஸ்பத்திரியிலும் கொடுங்கள் என்று நிபுணர் குழு அழுத்திச் சொன்னது 1994-ல். நடுவில் 22 வருஷம், எத்தனையோ பிள்ளைகள். இவ்வளவு தாமதத்துக்கு அறிவு மட்டும் காரணம் இல்லை. திரும்பத் திரும்பச் செய்து நிரூபிக்கவும், மருத்துவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஆளும் பணமும் வேண்டியிருந்தன. இன்று கொடுக்கிற காசு என் மகளின் பிரசவத்துக்கு என்று நினைத்துத்தான் கொடுக்கிறேன்.

ஆராய்ச்சி தோற்றுப்போனால் காசு வீண்தானே?

இல்லை. வைட்டமின் சி-யும் ஈ-யும் சேர்த்துக் கொடுத்தால் இந்தப் பிரஷர் வராது என்று ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. 2,410 பெண்களிடம் ஆராய்ந்து, பயன் இல்லை, பிள்ளையின் எடை குறையும் வாய்ப்பும் கூடுகிறது என்று 2006-ல் சொன்னார்கள். வெல்கம் டிரஸ்ட் அறக்கட்டளையின் பணம் அது. அந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் நாம் இன்னும் வைட்டமின் டப்பாக்களை வாங்கி விழுங்கிக்கொண்டிருப்போம்.

நான் கொடுக்கிற 50 வெள்ளி என்னவாகும்?

நுண்ணோக்கி வாங்க மாட்டார்கள். ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் குடுவையும் என்று நானும் நினைத்திருந்தேன். பெரும்பகுதி மனிதர்களின் நேரத்துக்குப் போகிறது: பெண்களிடம் விளக்கிச் சொல்லும் ஆராய்ச்சித் தாதியின் சம்பளம், கிளினிக்குக்கு வந்து போகும் பெண்களுக்குப் பயணக் காசு, ரத்த மாதிரியைக் கெடாமல் எடுத்துச்செல்லும் ஐஸ் பெட்டி, மைனஸ் 80 பாகையில் ஓடும் உறைபெட்டியின் கரண்ட் பில். ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். புகைபோலக் குளிர் கிளம்பியது, உள்ளே சுண்டுவிரல் நீளக் குப்பிகள் வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் பெயர் இல்லை, எண் மட்டும். ஒரு குப்பி, ஒரு தாய்.

பல்கலைக்கழகம் நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

கர்ப்பிணிகளை வைத்துப் பரிசோதனை செய்வது பாவம் இல்லையா?

பயம் எனக்குப் புரிகிறது. நம் மக்கள் எலிகள் இல்லை.

இங்கே மனிதர்களிடம் எந்த மருத்துவ ஆய்வு நடந்தாலும் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரிகளுக்கு அமைச்சின் கீழ் அப்படி ஒரு குழு இருக்கிறது, பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனி. சேர மாட்டேன் என்று சொல்லலாம், சேர்ந்த பிறகும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சை குறையாது. ஆய்வு நடக்கும்போதே தனியான ஒரு குழு முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். வளர்த்தி இல்லாத பிள்ளைகளுக்கு உதவும் என்று நினைத்து நெதர்லாந்தில் சில்டெனாஃபில் என்ற மருந்தை ஆராய்ந்தார்கள். பிறந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் கோளாறு தெரிந்ததும் 2018-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். பிள்ளைகள் சிலர் இறந்தார்கள். ஆராய்ச்சியில் ஆபத்தே இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஆனால் அதே மருந்தை ஆய்வு என்று சொல்லாமல், கணக்கு வைக்காமல், ஆளாளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த ஆபத்து யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

எனக்கு ஒரு குறை உண்டு. சம்மதப் படிவம் நம் தாய்மார்களுக்குப் புரிய வேண்டும். ஓர் ஆய்வுக்குத் தமிழ்ப் படிவம் என்று எங்களிடம் காட்டியதில் ‘சீரற்ற முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்’ என்று இருந்தது. நிபோங் திபாலில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் தோழியின் அம்மா அதைப் படித்துவிட்டு, ‘என்னைய எதுக்குத் தாயி ஒதுக்குறாங்க?’ என்று கேட்டார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆறு பக்கத்தையும் திருத்தினோம். ‘எந்த மாத்திரை உங்களுக்கு என்பது குலுக்கல் போட்டு முடிவாகும், மருத்துவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது’ என்று எழுதினோம். ‘இது வெளங்குது’ என்றார். இன்று அந்தப் படிவம்தான் போகிறது.

நஞ்சை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் அதைப் புதைக்க வேண்டும் என்கிறார்கள்.

இரண்டும் நடக்கலாம். ஆய்வுக்குப் பெரும்பாலும் விரல்நுனி அளவு துண்டுகள் போதும். மீதியை எங்களுக்கு வேண்டும் என்று பிரசவத்துக்கு முன்பே சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் மலாய் அண்டை வீட்டார் நஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி அடக்கம் செய்வது ஆஸ்பத்திரிகளுக்குப் பழக்கம்தான், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

வரி விலக்கு உண்டா?

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் உண்டு. தனி நபருக்கு மொத்த வருமானத்தில் 10 சதவீதம் வரை. ரசீதில் அந்தப் பிரிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 7 வருஷம் பத்திரமாக வையுங்கள். பிரிட்டனில் 1992-ல் தொடங்கிய டாம்மிஸ் போன்ற வெளிநாட்டு அறக்கட்டளைகளுக்கும் கொடுக்கலாம். கருச்சிதைவு, குறைமாதம், இறந்து பிறத்தல் இவற்றுக்கே அவர்கள் பணம் செலவிடுகிறார்கள். ஆனால் அதை இங்கே வரியில் கழிக்க முடியாது.

போலி வசூலை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாட்ஸ்அப்பில் ஒரு குழந்தையின் படம், ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்கு, ‘இன்றே அனுப்புங்கள்’ என்ற அவசரம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கை வைக்காதீர்கள். சங்கம் என்றால் சங்கப் பதிவகத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க உரிமம் வேண்டும், 1947-லிருந்தே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. தைப்பூசத்தில் தண்ணீர்மலை ரோட்டில் டின்னை நீட்டுகிறவரிடமும் அதைக் கேட்கலாம். ஆராய்ச்சிக்கு என்று சொன்னால், யார் ஆராய்ச்சியாளர், எந்த ஆய்வு, அறநெறி அனுமதி இருக்கிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். உண்மையானவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

இந்த நாட்டில் நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. 1994-ல் தொடங்கிய மக்னா என்ற புற்றுநோய் மன்றம், நோயாளிகளுக்கு உதவுவதோடு உள்ளூர் ஆராய்ச்சியாளர்களுக்கும் விருதுத்தொகை கொடுத்து வருகிறது. கர்ப்பிணிகளுக்கும் அதே அளவில் ஒன்று வர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இப்போது நான் கர்ப்பமாக இருக்கிறேன். தலைவலி விடவில்லை, கண் முன்னே பூச்சி பறக்கிறது.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடாத தலைவலி, கண் மினுக்குவது, வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, பிள்ளையின் அசைவு குறைவது, எது இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். எனக்கு அந்தத் தலைவலி வந்தபோது, முதலில் போன ஒரு கிளினிக்கில் பிரஷர் பார்க்காமலே பனடால் கொடுத்து அனுப்பினார்கள். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ‘பிரஷர் பாருங்கள், சிறுநீர் பாருங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். முந்தைய பிள்ளைக்கு இந்த நோய் வந்திருந்தால், அடுத்த கர்ப்பம் தெரிந்த முதல் சந்திப்பிலேயே ஆஸ்பிரின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

கொடுக்கப் பணம் இல்லை. வேறு எப்படி உதவலாம்?

ஆய்வில் சேரும்படி கேட்டால் முழுவதும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மற்ற நாட்டுப் பெண்களிடம் எடுத்த அளவுகள் நம் உடம்புக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நம் பெண்கள் சேர்ந்தால்தான் அறிய முடியும். தமிழ் நன்றாக எழுதுவீர்கள் என்றால் படிவங்களைப் படித்துத் திருத்திக் கொடுங்கள். அதற்கு எப்போதும் ஆள் தேவை.

பிறக்காமல் போன பிள்ளைக்காகக் கொடுக்கலாமா? பெயர்கூட வைக்கவில்லை.

கொடுக்கலாம். பலர் கொடுக்கிறார்கள். பல்கலைக்கழக ரசீதில் உங்கள் பெயர்தான் வரும். எங்கள் நோட்டில் நீங்கள் சொல்கிறபடி எழுதுவோம். வளைகாப்புக்கு எடுத்து வைத்த பணத்தை அப்படியே கொண்டுவந்தவர் உண்டு. வருஷா வருஷம் ஒரே தேதியில் 20 வெள்ளி போட்டுவிட்டு, ‘போட்டாச்சு’ என்று ஒரு வார்த்தை மட்டும் அனுப்பும் அப்பா ஒருவர் உண்டு. அவர் வரியில் பெயர் என்று இருக்கும் இடத்தில், அவர் சொன்னபடி, ‘22 வாரம், பெண்’ என்று எழுதியிருக்கிறது.